பிள்ளை இல்லாத பால்

கோபானோவின் கொல்லையில் களை வெட்டப் பெண்கள் வரிசை பிடித்து இறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. ஜனவரி மாதம், எங்கள் பக்கத்துக் கோடை. முந்தின வாரத்து மழையில் மக்காச்சோளத்தை மூடிக்கொண்டு களை நின்றது. இதற்குக் கூலி கிடையாது. ஒருத்தி கொல்லையில் எல்லோரும் வெட்டுவது, அடுத்த வாரம் இன்னொருத்தி கொல்லை. கொல்லைக்காரி ஒரு பானை சோளக்கள் வடித்து வரப்பில் வைத்தால் போதும்.

மாலினேயோ வரிசையின் கடைசியில் இருந்தாள். மற்றவர்கள் போர்வையை அவிழ்த்து வரப்பில் போட்டிருந்தார்கள். அவள் மட்டும் கம்பளியை மார்புக்கு மேல் இழுத்து ஊசி குத்தியிருந்தாள்.

"ஏ மாலினேயோ, உன் தலைக்கு மேல மட்டும் பனி பெய்யுதா?" என்றாள் பக்கத்து வீட்டு மாபூசெங்.

"குளிருதுக்கா."

"குளிருதாம்டி! என் முதுகுல ரொட்டி சுடலாம், இவளுக்குக் குளிருதாம்."

சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. மாலினேயோ சிரிக்கவில்லை. அவள் வெட்டிக்கொண்டு வந்த தடத்தில் களையோடு சேர்ந்து நல்ல பயிரும் விழுந்து கிடந்தது. எதிரே நின்றதை ஒழுங்காக வெட்டினாள். பக்கவாட்டில் நின்ற பயிரில் மண்வெட்டியின் கோடி பட்டுக்கொண்டே வந்தது.

"கண்ணை எங்கடி அடகு வச்ச? சோளத்தை வெட்டிட்டு வர்ற, புருஷன் வந்து களையவா திங்கப் போறான்?"

"தெரியலக்கா. திடீர்னு பக்கத்துல வந்து நிக்குது."

"பயிர் நடந்து வருதா?"

மறுபடியும் சிரிப்பு. மாலினேயோ மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் வாளிக்குப் போனாள். கன்றுக்குட்டி போல முகத்தை உள்ளே விட்டுக் குடித்தாள். குடித்த கையோடு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். காலையிலிருந்து இதே வேலை. வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடிப்பதும் ஒதுங்குவதும் எந்த நேரத்துப் பெண்ணுக்கு உள்ளது என்று எல்லோருக்கும் தெரியும். புருஷன் ஈஸ்டருக்குப் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை என்பதும் தெரியும்.

அவள் திரும்பி வந்தபோது மாபூசெங் விளையாட்டாகத்தான் போர்வையைப் பிடித்து இழுத்தாள். ஊசி தெறித்தது. மாலினேயோவின் சட்டையில், இரண்டு மார்பின் மேலும், தட்டு அளவுக்கு ஈரம். வேர்வை இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த வாடை தெரியும்.

மண்வெட்டிகள் நின்றன. சிரிப்பும் நின்றது. வரப்பில் கள் மொண்டுகொண்டிருந்த மாமியார் மாகோபானோ எழுந்து வந்தாள். மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அந்தக் கொல்லையில் பாதி அப்படியே கிடந்தது.

எங்கள் மலைப்பக்கம் கல்யாணமாகி வருகிற பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரால் கூப்பிடுவதில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு மாமியார் வீட்டார் முன்கூட்டியே பெயர் வைத்து, அந்தப் பிள்ளையின் அம்மா என்றுதான் அழைப்பார்கள். மாலினேயோவின் புருஷன் கோபானோ, அவனைப் பெற்றவள் மாகோபானோ. இவள் லினேயோவின் அம்மா, மாலினேயோ. லினேயோ இன்னும் பிறக்கவில்லை. அந்த வீட்டில் அது ஒரு குறைதான். ஆனால் இப்போது வந்தது வேறு.

வீட்டுக்குள் மாகோபானோ மருமகளின் சட்டையை அவிழ்த்து மாரைப் பிழிந்து பார்த்தாள். பால் பீச்சி அடித்து அவள் கைமேலேயே விழுந்தது.

"எங்கடி போட்ட?"

"எதைம்மா?"

"பிள்ளையை."

"பிள்ளையே இல்லம்மா. தூரம் நின்னு ஆறு மாசம் ஆகப்போகுது. நெத்தி பிளக்குற மாதிரி தலைவலி. பால் தானா வருது."

"தானா வருமா? பசுவுக்கே வராது."

"நான் பொய் சொல்லலம்மா."

"நீ சொல்ல வேண்டாம். உன் மாரு சொல்லுது."

ஆண்கள் சுரங்கத்திலும் பெண்கள் கொல்லையிலுமாகக் கழிகிற பிழைப்பு இது. இரண்டு பக்கமும் கள்ளத் தொடுப்பு உண்டு, யாரும் அதைத் தோண்டிக் கேட்பதில்லை. அப்படி ஒரு பிள்ளை பிறந்தால்கூட, மாடு கொடுத்துப் பெண் எடுத்தவன் பெயரிலேயே வளர்ந்துவிடும். பிள்ளையை மறைத்தால்தான் பேச்சு. கொன்று மறைத்தால் ஊர்ப் பேச்சு.

லீவு முடிந்து போகிற ஒரு சுரங்கத்துக்காரனிடம் மாகோபானோ சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை கோபானோ வந்து இறங்கினான். பாறை துளைக்கிற எந்திரக்காரன், தோளெல்லாம் திரட்சி. ஆனால் ஆள் வற்றியிருந்தான். மேட்டில் ஏறி வரும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். சுரங்கத்துத் தூசி என்றான். வீட்டுக்குள் போய் மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டான். பிறகு மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

செத்துப் பிறந்த பிள்ளையை நாங்கள் இடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வீட்டு வாசலுக்கு எதிரே தலைமுறையாக அடுப்புச் சாம்பல் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு இருக்கும். அதில்தான் புதைப்பது. மாலினேயோ எதையாவது புதைத்திருந்தால் அங்கேதான் புதைத்திருக்க வேண்டும். ஊர்த்தலைவர் செக்கெகே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஆண்கள் நின்றார்கள். பெண்கள் போர்வையால் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றார்கள். மாலினேயோவைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள்.

கோபானோ தோண்டினான். பாறையைப் பிளப்பவனுக்குச் சாம்பல் ஒரு வேலையா? மண்வாரி தடையில்லாமல் இறங்கியது. ஆட்டுத் தாடை வந்தது. உடைந்த பானை ஓடுகள் வந்தன. ஒற்றைச் செருப்பு வந்தது. காற்றடித்து அவன் தலை, புருவம், மீசையெல்லாம் வெளுத்தது. பாதியில் இருமல் பிடித்தது. மண்வாரியை ஊன்றிக் குனிந்து இருமினான். துப்பியதைக் காலால் சாம்பலைத் தள்ளி மூடினான்.

"கொஞ்சம் உக்காருப்பா" என்றார் செக்கெகே.

"வேண்டாம் ந்தாத்தே." அப்பனைப் போல மதிக்கிற எவரையும் நாங்கள் ந்தாத்தே என்றுதான் கூப்பிடுவோம்.

பிறகு ஒரு சின்ன எலும்பு வந்தது. விரல் நீளம். கோபானோ அதைக் கையில் எடுத்தான். செக்கெகே கையை நீட்டி வாங்கி, துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டிக் கால்" என்றார். "நல்லாப் பாரு, குளம்பு மூட்டு இருக்கு."

கோபானோ மேட்டின் அடிமண் வரைக்கும் தோண்டினான். ஒன்றும் இல்லை.

"மூடு" என்றார் செக்கெகே.

அவ்வளவுதான். தப்பு நடந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கலைந்தார்கள். மாபூசெங் மட்டும், "பின்ன பால் எங்கேருந்து வருதாம்?" என்று எங்கோ பார்த்துக் கேட்டுவிட்டுப் போனாள்.

மாலினேயோ சுவரோரத்திலிருந்து தண்ணீருக்கு நகர்ந்தாள். வாளி அவள் வலப்பக்கம், காலடியிலேயே இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. கால் இடறி வாளி சாய்ந்தது. கவிழ்ந்த தண்ணீரில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. வாந்தி எடுத்தாள். கையும் காலும் ஈரத்துணியாகத் தொங்கின.

கோபானோதான் தூக்கினான். அவன் கைச்சாம்பல் அவள் முகத்தில் ஒட்டியது.

குதிரையில் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்தான். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸ் மாலினேயோவை உட்கார வைத்து, தன் மூக்கையே நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, தன் இரண்டு கைகளையும் விரித்து விரலை ஆட்டினாள். "எத்தனை விரல்?" மாலினேயோ, "கை எங்க இருக்கு?" என்று கேட்டாள். நர்ஸ் அன்றைக்கே தலைநகர் மசேருவுக்கு அனுப்பினாள். மசேருவில் ஊசி போட்டு, எல்லை தாண்டி ப்ளூம்ஃபொன்டெய்ன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே தலையைப் படம் பிடித்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஊரெல்லாம் பயப்படுகிற எய்ட்ஸ் இல்லை என்றார்கள். உடம்பில் சுரக்க வேண்டியது சுரக்கவில்லை என்று ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மறுநாள் மாலினேயோ எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். மூக்கில் ஒரு சொட்டு மருந்து விட்ட பிறகு தாகம் அடங்கியது. பார்வைதான் வரவில்லை.

டாக்டர் ஸ்டெய்ன் நடுத்தர வயது வெள்ளைக்காரப் பெண்மணி. எங்கள் பேச்சுப் புரியும், பேச வராது. டிகெலெடி என்ற நர்ஸ்தான் எடுத்துச் சொன்னாள். டிகெலெடி எங்கள் பாஷைக்காரி, ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. குரல் கொஞ்சம் உரக்க இருக்கும்.

"இங்க பாரு அண்ணே. மூக்குக்கு நேர் பின்னாடி, மூளைக்கு அடியில, பயறு அளவுல ஒண்ணு தொங்குது. பிட்யூட்டரின்னு பேரு. உன் சுரங்கத்துல ஷிப்ட் மேஸ்திரி இருக்கான்ல, அவன் மாதிரி. தூரம் வர்றது, குளிர் தாங்குறது, தண்ணிய உடம்புல நிறுத்துறது எல்லாத்துக்கும் அந்தப் பக்கம்தான் வேலை சொல்லணும். உன் பெண்டாட்டிக்கு அது வீங்கிக் கிடக்கு. மேல கண்ணுக்குப் போற நரம்பை நெருக்குது. அதான் பக்கத்துல நிக்கிறது தெரியல."

"பால்?"

"நிறுத்துன்னு மேலேருந்து உத்தரவு வந்துக்கிட்டே இருந்தாத்தான் பால் அடங்கியிருக்கும். உத்தரவு வர்ற வழி நசுங்கிப் போச்சு. ஆளுங்க இஷ்டத்துக்கு வேலை செய்யுறாங்க."

"அப்ப பிள்ளை..."

"என்ன பிள்ளை? இவ பிள்ளையே பெத்ததில்ல. டாக்டரம்மா பார்த்தாச்சு."

கோபானோ தரையைப் பார்த்தான். சக்கர நாற்காலியில் இருந்த மாலினேயோ எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் ஏதோ கேட்டார். டிகெலெடி திருப்பிச் சொன்னாள்.

"இது சும்மா கட்டியாவும் இருக்கலாம். சீழாவும் இருக்கலாம். டி.பி.யாவும் இருக்கலாம், அந்த இடத்துல வர்றது அபூர்வம். படத்துல எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியுமாம். டி.பி.ன்னா மாத்திரையிலயே சுருங்கும். இல்லைன்னா மூக்கு வழியா உள்ள போய் அறுத்துத்தான் பார்க்கணும். இவ நெஞ்சுப் படம் சுத்தமா இருக்கு. வீட்டுல யாருக்காவது டி.பி. வந்திருக்கா? நாள்பட்ட இருமல், வேர்வை, எடை குறையுறது?"

"இல்ல" என்றான் கோபானோ.

சொல்லி முடித்ததும் இருமல் வந்தது. வாயை இறுக்கி அதை விழுங்கினான்.

கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்கு வராதது, வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதுபோல இரட்டை ஷிப்டால் அல்ல. சுரங்கத்து ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தான். காசநோய். ஈஸ்டருக்கு வீட்டில் ஒரே போர்வைக்குள் மனைவியோடு படுத்து இருமியபோதே அது இருந்தது. "ஊர்ல சொல்லு, பெண்டாட்டியைப் பரிசோதனை பண்ணச் சொல்லு" என்று அங்கிருந்த டாக்டர் சொல்லித்தான் மாத்திரை கொடுத்தார். இவன் ஊரில் சொல்லவில்லை. உடம்பு தேறியதும் மாத்திரையையும் விட்டான். மறுபடி நோய் என்று தெரிந்தால் சுரங்கம் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடும். அந்தப் பயம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நாக்கைக் கட்டியது அது அல்ல. ஊரைக் கூட்டி இவள் குற்றத்தைத் தோண்டியவன், அது தன் நெஞ்சில் இருந்தது என்று இவள் காதுபடச் சொல்ல வேண்டுமே என்பதுதான்.

வியாழக்கிழமை அறுவை என்றார்கள். உயிருக்குக் கொஞ்சம் ஆபத்து உண்டு, கண் திரும்பும் என்று உறுதி இல்லை என்றார்கள். கோபானோ தலையாட்டினான்.

புதன்கிழமை மத்தியானம் பார்வை நேரத்தில் வார்டுக்குப் போனான். மாலினேயோ சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி. சத்தமில்லாமல் அதில் உட்கார்ந்தான். அவள் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது, தான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. எதிர்க்கட்டிலில் தலையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த, தாபா-ஞ்சூ என்ற ஊர்க்காரி ஒருத்தியோடு அவள் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் புரண்டு படுத்தபடியே பதில் சொன்னாள்.

"சுரங்கத்துக்காரன் பெண்டாட்டிக்கு என்னடி குறை? லீவுக்கு வரும்போது கம்பளி, பாத்திரம்னு மூட்டை கட்டிக்கிட்டு வருவான்ல?"

"இந்தத் தடவை மண்வாரிய எடுத்தான்."

"எதுக்கு?"

"சாம்பல் மேட்டுல பிள்ளை தேட."

தாபா-ஞ்சூக்காரி சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டாள். "கிடைச்சுதா?"

"ஆட்டுக்கால் கிடைச்சுது. சூப்பு வச்சிருக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். கோபானோ நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலக்கா. நேரா சாம்பலைத்தான் கேட்டான்."

"டாக்டரம்மா என்ன சொல்றா?"

"நாளைக்கு அறுப்பாங்களாம். வீட்டுல யாராவது இருமுறாங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னான். இருமுறான். போன ஈஸ்டர்லேருந்து இருமுறான். தலையணையில வேர்வை கோடு கோடா இருக்கும். துவைச்சவ நான்."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"பிள்ளை பெறலன்னு சொன்னேன், நம்புனாங்களா? இந்த வாய்க்கு ஊர்ல மதிப்பு இல்லக்கா. இனிமே எதையும் நான் சொல்றதா இல்ல. அறுக்கட்டும். கண்ணு போனா அந்த மூஞ்சிய நேராவும் பார்க்க வேண்டாம்."

கோபானோ எழுந்தான். அவளுக்குத் தெரியாத அந்தப் பக்கமாகவே, சுவரை ஒட்டி வெளியே போனான். வராந்தாவில் டிகெலெடி மருந்துத் தட்டோடு வந்தாள்.

"சிஸ்டர். எனக்கு இருக்கு."

"என்ன இருக்கு?"

"டி.பி."

டிகெலெடி தட்டைக் கீழே வைத்தாள். "எப்போலேருந்து?"

சொன்னான். மாத்திரையை விட்டதையும் சொன்னான்.

"டாக்டரம்மா கேட்டப்ப நாக்கை எங்க வச்சிருந்த? சுரங்கத்துலயே விட்டுட்டு வந்துட்டியா? நாளைக்குக் காலையில அவ மூக்குல கத்தி போகப்போகுது, இப்ப வந்து சொல்ற! மீசை வச்ச ஆம்பளையாய்யா நீ?"

"திட்டு சிஸ்டர்."

"உன்னைத் திட்டிக்கிட்டு நின்னா யாரு டாக்டர்கிட்ட ஓடுறது? இந்தா டப்பா. வெளிய போய், காத்து அடிக்கிற இடத்துல, ஆழமா இருமித் துப்பு. எச்சில் வேண்டாம், சளி வேணும்."

சளியில் கிருமி இருந்தது. அறுவையைத் தள்ளி வைத்தார்கள். மாலினேயோவுக்கு மாத்திரைகளைத் தொடங்கினார்கள், வீக்கம் வற்ற இன்னொரு மருந்தும் சேர்த்து. தினமும் காலையில் டாக்டர் ஸ்டெய்ன் சிவப்பு மூடி போட்ட ஒரு பேனாவை ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டு வந்து, தெரிகிற இடத்தில் சொல்லச் சொல்வார். பார்வை இன்னும் குறைந்தால் கத்திதான் என்பது ஏற்பாடு. முதலில் மாற்றமே இல்லை. பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்: "வலது பக்கத்துல ஒரு ஜன்னல் இருக்கே, இது எப்பவும் இங்கதான் இருந்துச்சா?"

பால் மெல்ல மெல்ல வற்றியது. மாத்திரை வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும். சுரப்பி திரும்பவும் முழுசாக வேலை செய்யுமா, லினேயோ பிறப்பாளா என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை. சுரங்கம் கோபானோவை வீட்டுக்கு அனுப்பியது.

இருவரும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். அவளுடைய அப்பன் ஊருக்குப் பிரிகிற சாலையில் மாலினேயோ எழுந்தாள்.

"நான் இங்க இறங்குறேன்."

"வீட்டுக்கு..."

"அது உன் வீடு."

மனம் கசந்த பெண் பிறந்த வீட்டுக்குப் போய் உட்காருவது எங்களிடம் உள்ள வழக்கம்தான். புருஷன் தன் தாய்மாமனோடும் ஓர் ஆட்டோடும் போய், அவள் ஆட்கள் எதிரில் தன் குற்றத்தை வாய்விட்டுச் சொல்லிக் கூட்டிவர வேண்டும். ஆட்டை வாங்கிக்கொண்டால் முடிந்தது. கோபானோ ஊரில் தலையில் கட்டி என்று மட்டும் சொல்லி வைத்தான். மாகோபானோ அதற்குமேல் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சோளம் முற்றித் தாள் காய்ந்தபோது மாமனைக் கூட்டிக்கொண்டு, ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு போனான். மாமன் வழியெல்லாம் பேச்சு. டப்பாவில் கள் கொண்டுவந்திருந்தார். இருவரும் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டே நடந்தார்கள்.

மாலினேயோவின் அப்பா பெஞ்சு போட்டார். அவளுடைய அண்ணன்கள் வந்து நின்றார்கள். அவள் கதவுப் பக்கம் உட்கார்ந்தாள். கன்னம் தேறியிருந்தது.

"சொல்லுப்பா. எதுக்கு வந்த?"

"தப்புப் பண்ணிட்டேன் ந்தாத்தே. உங்க பொண்ணு பிள்ளைய மறைச்சுட்டான்னு ஊர் பார்க்க மேட்டைத் தோண்டினேன்."

"ம். அப்புறம்?"

"அவ்வளவுதான்."

மாமன் கையைத் தட்டினார். "சின்னப்பய, அவசரப்பட்டுட்டான். ஆடு நல்ல ஆடு..."

"அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லச் சொல்லுங்க" என்றாள் மாலினேயோ. அவனைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவளுக்குத் தெரியும்.

கோபானோ கிடாயின் கயிற்றைக் கையில் சுற்றினான். அவிழ்த்தான்.

"நோய் என்னோடது. என் நெஞ்சுல இருந்த டி.பி.தான் அவ தலைக்குப் போச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லல. டாக்டர் கேட்டப்பவும் இல்லைன்னேன்."

மாமன் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு பெஞ்சில் ஓரடி தள்ளி உட்கார்ந்தார். "அடப்பாவி. வழியெல்லாம் ஒரே டப்பாவுல குடிச்சோமேடா!"

"இப்ப ஒட்டாது மாமா. மாத்திரை சாப்பிடுறேன்."

"இதை வழியில முதல் ஏத்தத்துலயே சொல்றதுக்கென்ன?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா மகளைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல சொன்னியா?" என்று மாலினேயோ கேட்டாள்.

"தலையில கட்டின்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப அங்க நான் இன்னும் பிள்ளையைக் கொன்னவதான்."

கோபானோ கயிற்றைச் சுருக்கிப் பிடித்தான்.

"உங்க அம்மா மாசக்கணக்கா உன்கூட ஒரே தட்டுல சாப்பிடுறாங்க. சளி பார்த்தியா அவங்களுக்கு? இல்ல. எப்படிப் பார்ப்ப? சொன்னாத்தானே பார்க்க முடியும். ஆட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போ. நீ சொன்னது என் காதுக்கு வரட்டும், நானே வர்றேன். அப்ப ஆடு வேண்டாம்."

மாமன் அங்கேயே தங்கிவிட்டார். வேறு வழியாகப் போவதாகச் சொன்னார். கோபானோ கிடாயோடு தனியாகத் திரும்பினான். கூட்டிவரப் போனவன் ஆட்டோடு திரும்புகிறான் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆற்றங்கரையில் குதிரைக்காரன் ஒருவன் கேட்டான்: "என்னப்பா, ஆட்டை வாங்கலியா?"

"ஆடு நொண்டுதுன்னு சொல்லிட்டாங்க" என்றான் கோபானோ.

குதிரைக்காரன் கிடாயின் நான்கு கால்களையும் பார்த்துவிட்டுக் குதிரையைத் தட்டிவிட்டான்.

ஊர் ஊற்றில் மாபூசெங் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அவனையும் கயிற்றையும் பார்த்தாள்.

"வரமாட்டேன்னுட்டாளா? என்ன கொழுப்பு! வேற எவனாவது அங்க..."

"அக்கா."

"என்ன?"

"அவமேல ஒண்ணும் இல்ல. எனக்கு டி.பி. நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். அது அவ தலைக்குள்ள போய்ப் பாலைத் திறந்து விட்டுருச்சு. எனக்குத் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ எல்லார்கிட்டயும் சொல்லலாம். நானும் சொல்லத்தான் போறேன்."

மாபூசெங் அவனைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு குனிந்து, நிறைந்த வாளியை அவன் பக்கத்திலிருந்து எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

கோபானோ கயிற்றை இழுத்தான். மேலே வீடுகளுக்கு எதிரே தாள் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவன் அவர்கள் இருந்த பக்கமாகவே ஏறினான்.